ஓர் ஆள் நீளச் சூடு

மலை இருந்தது, மலைக்கு மேல் ஊர் இருந்தது, ஊருக்கு மேல் மூடுபனி இருந்தது, மூடுபனிக்கு மேல் என்ன இருந்தது என்று பார்த்துச் சொல்ல அந்த ஊரில் யாருக்கும் நேரமில்லை, ஏனென்றால் அட்டிக்கொம்பையில் விடிந்தால் முதல் வேலை கால் விரல்களைச் சூடாக்குவது, அடுத்த வேலை அடுப்பைச் சூடாக்குவது, அடுப்புச் சூடாவதற்குள் கால் விரல் மறுபடியும் குளிர்ந்துபோயிருக்கும். அந்த ஊரின் மேற்குச் சரிவில், தேயிலை முடிந்து கற்பூர மரங்கள் தொடங்குகிற இடத்தில் ஒரு காலனி. காலனியின் கடைசி வரிசையில், மாடி வீட்டில், அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற நஞ்சப்பனும் அவர் மனைவி திலகமணியும் குடியிருந்தார்கள்.

அந்த வீட்டுத் தரை திலகமணியின் கால்களுக்காக வந்தது. காரமடை வெயிலில் பிறந்து காரமடைப் புழுதியில் நடந்து பழகிய கால்கள் அவை. கல்யாணமாகி மலையேறிய நாளிலிருந்து சிமெண்ட் தரை அவற்றைக் கடித்துக்கொண்டே இருந்தது, சாக்ஸுக்கு மேல் சாக்ஸ் போட்டாலும் கடித்தது, குதிகால் வெடிப்பு மேலும் வெடித்து வாய் மாதிரித் திறந்துகொண்டது. ஓசூரில் வேலை பார்க்கும் மகன் பூபதி ஒருமுறை லீவில் வந்தவன் அந்தக் கால்களைப் பார்த்தான், ஓசூருக்குத் திரும்பினான், அடுத்த மாதமே கோயம்புத்தூரிலிருந்து ஒரு வண்டி லேமினேட் பலகை மலையேறி வந்தது. காலனியில் எல்லோரும் அதை மரத்தரை என்றார்கள். பார்க்கப்போனால் அது அழுத்திய மரத்தூள், தூளுக்கு மேல் மரத்தின் படம், படத்துக்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய தோல், அவ்வளவுதான். ஆனால் திலகமணியின் கால் அதன் மேல் முதல் தடவை பட்டபோது அவள் "அம்மாடி" என்று சொன்ன சொல்லில் படமாவது தூளாவது, ஒரு காடே இருந்தது.

பலகை பதித்தவர் போகிறபோது வாசலில் நின்று சொன்னார்: "தண்ணி இதுக்கு விசமுங்க அக்கா. ஊத்தினீங்கன்னா இடுக்கு வழியா எறங்கும், உள்ள இருக்கற தூளு குடிக்கும், குடிச்சா உப்பும், உப்புனது அப்புறம் வத்தவே வத்தாது. மொதல்ல பூந்தொடப்பத்துல தூசியை எடுத்துருங்க, மண்ணு கெடந்தா கீறிப்போடும். பொறவு துணியை நனைச்சுப் பிழிஞ்சு, பிழிஞ்சதை மறுக்காப் பிழிஞ்சு, உதறினா ஒரு சொட்டு விழுகக் கூடாது, அந்த ஈரம் போதும். பினாயில் வேண்டாம், மெழுகு வேண்டாம், சோப்புத்தூளு வேண்டவே வேண்டாம். பலகை எப்படி ஓடுதோ அப்படியே தொடைங்க."

திலகமணி அதைக் கேட்டாள், கேட்டதை மறக்கவில்லை. கீழ்வீட்டில் கம்பளித் தொப்பி பின்னி விற்கிற ஜெசிந்தாவிடம் வெட்டுத் துண்டுகள் வாங்கி வந்து நாற்காலிக்கெல்லாம் காலுறை தைத்துப் போட்டாள். முப்பது வருஷம் பஸ் படியில் தொங்கிக்கொண்டு "உள்ள போங்க, உள்ள போங்க" என்று ஊரையே விரட்டிய நஞ்சப்பன், தன் வீட்டு வாசலில் மட்டும் "நில்லுங்க, நில்லுங்க, காலைத் தொடச்சீங்களா?" என்ற குரலுக்கு நின்று பழகினார். அவர் அந்தத் தரையின் மேல் நடந்தார், அதற்கு மேல் அதைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. துணியைப் பிழிந்தது இல்லை, துடைப்பத்தை எடுத்தது இல்லை. தரை பளபளப்பாக இருந்தது, தரை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

மார்கழிப் பனியில் ஒரு காலை திலகமணி, "ஏனுங், நெஞ்சு அடைக்கற மாதிரி இருக்குதுங்" என்றாள், கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தாள், ஒரு துளி சிந்தாமல் வைத்தாள், அத்தோடு போய்விட்டாள்.

ஹாலில் தெற்கே தலையும் வாசல் பக்கம் காலுமாக அவளைக் கிடத்தினார்கள். பனியில் நனைந்த காலோடு ஊர் வந்தது, அழுதது, ஊருக்கு டீ வந்தது, வண்டி வந்தது, தூக்கினார்கள். உடல் வாசல் தாண்டினால் வீட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், அதை யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. காரமடையிலிருந்து வந்திருந்த நஞ்சப்பனின் அக்கா ராமாத்தாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் நிற்க, பெண்கள் குழாயடியிலிருந்து குடமும் வாளியுமாக மாடிப்படியில் வரிசை கட்டிவிட்டார்கள். கீழே வண்டியில் ஒரு காலை எடுத்து வைத்த நஞ்சப்பனுக்கு மேலே வாளி தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காதே, திரும்பிப் பார்க்காதே என்று நாலு பேர் சொல்லச் சொல்லத் திரும்பினார். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற அந்தப் பழைய கண்டக்டர் குரலில் கத்தினார்:

"தண்ணி ஊத்தாதீங்க! பலகை உப்பிரும்! அவ வைவா!"

படியில் நின்ற ஒருத்திக்குச் சிரிப்பு வந்தது, சிரித்த வாயோடேயே அழுகை வந்தது, அது ஒவ்வொருத்தியாகத் தொற்றிக்கொண்டு மேலே போனது. வாளிகளை அப்படியே வைத்துவிட்டார்கள். ஜெசிந்தா ஒரு துணியை நனைத்து, பிழிந்து, மறுபடி பிழிந்து, திலகமணி எப்படிச் செய்வாளோ அப்படியே ஹாலைத் துடைத்து விளக்கேற்றினாள்.

"பலகைய நெனச்சான், போற உசுர நெனைக்கலையே இவன்" என்று ராமாத்தாள் புலம்பினாள். "கழுவி உடாத ஊட்டை உட்டு அவ எப்படி வெளிய போவா?"

அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. சொந்தபந்தம் எல்லாம் மலையிறங்கி, பூபதியும் லீவு முடிந்து ஓசூர் போன பிறகு, நஞ்சப்பன் சாக்ஸ் மாட்டுவதற்காக ஹாலில் தரையோடு உட்கார்ந்தார். ஊன்றிய கைக்குத் தரை வெதுவெதுப்பாக இருந்தது. கையை நகர்த்திப் பார்த்தார். ஓர் ஆள் நீளம், ஆள் அகலத்தோடு ஒரு முழங்கை கூடுதல், தெற்கே தலை, வாசல் பக்கம் கால். அதற்கு அந்தப்புறம் தரை ஐஸ். சீட்டில் கையை வைத்தே ஆள் இப்போதுதான் எழுந்து போனாரா, போன ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டாரா என்று சொல்லிவிடுகிற மனுஷன் அவர். இது எழுந்து போன சூடு இல்லை. ஆள் இருக்கிற சூடு.

குழாயில் தண்ணீர் ஒழுகுகிறது என்று சொல்வது போலத்தான் கீழே எட்டிப் பார்த்து அதைச் சொன்னார்: "ஜெசிந்தா, இங்க தரை கொஞ்சம் சூடா இருக்குது, வந்து பாரு." ஜெசிந்தா வந்தாள், முட்டி போட்டாள், உள்ளங்கையை வைத்தாள். "அக்காதான் அண்ணே" என்றாள். "என் கையைப் பிடிச்சுப் பேசுறப்போ இதே சூடுதான்." சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இறங்கிப் போய் விட்ட இடத்திலிருந்து தொப்பியைப் பின்னினாள்.

ஊருக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்? துக்கம் கேட்க வந்தவர்கள் சூட்டின் மேல் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. மின்வாரிய ஆள் வந்து அடியில் ஒயர் ஓடுகிறதா என்று பார்த்தார், ஒயர் ஒன்றும் ஓடவில்லை, டீ குடித்துவிட்டுப் போனார். மாரியம்மன் கோயில் பூசாரி வந்து கையை வைத்தார், வைத்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை, கும்பிட்டுவிட்டுப் போனார். சர்ச் ஃபாதர் வந்தார், அவருக்கு முழங்கால் வலி, வைத்த முழங்காலை அவரும் எடுக்கவில்லை. கைக்குழந்தைக்காரிகள் வந்தார்கள், சளிக் குழந்தையை அந்தச் சூட்டில் குப்புறப் போட்டு முதுகைத் தட்டினால் நெஞ்சு இளகியது. பஸ் ஸ்டாண்டில் இட்லிக் கடை வைத்திருக்கும் மாதி வந்தாள், தரையைத் தொட்டாள், போய் மாவுப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள், ஏனென்றால் அட்டிக்கொம்பையில் மார்கழி தையில் மாவு பொங்காது, கல்லுக் கணக்காகக் கிடக்கும், அந்த மாவில் சுட்ட இட்லியை வாங்கித் தின்கிறவன் அவள் முகத்தைப் பார்த்துத்தான் தின்ன வேண்டும். மறுநாள் காலை மாவு பானையை மீறிப் பூத்து நின்றது. அதற்கு அடுத்த நாள் அங்கே பானைகளின் ஊரே குடியேறிவிட்டது: தோளுக்கு அந்தப்புறம் ஒரு தூக்கு, இடுப்புக்குப் பக்கத்தில் தயிர்ச் சொம்பு, காலடியில் யாரோ ஒருவரின் ஊறவைத்த பயறு. தலைமாட்டில் வைத்தால் கொஞ்சம் சீக்கிரம் புளிக்கிறது என்று பேச்சு வந்ததும் தலைமாட்டுக்குச் சண்டையும் வந்தது. மாதி அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

"கண்டக்டரே, நமக்கும் ஒரு சீட்டு பாத்துக் குடுங்க" என்பார்கள் வாசலில் நின்று.

"காலைத் தொடச்சியா? பானைக்கு அடியில கம்பளி வெச்சியா? வெச்சிட்டு உள்ள போ" என்பார் நஞ்சப்பன். "வாளியோட வந்தா அடுத்த வண்டியப் பாத்துக்க."

யாரும் அதற்கு முன்னால் அவரை அப்படிப் பார்த்ததில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் தரையில் விழுந்தால் நாலு பேர் முந்தானையோடு பாய்ந்தார்கள். நாற்காலியை இழுப்பதற்குப் பதில் தூக்கி வைத்தார்கள், தங்கள் தங்கள் சிமெண்ட் வீடுகளில்கூடப் பழக்க தோஷத்தில் தூக்கியே வைத்தார்கள். அந்தத் தையில் காலனி முழுக்கவே கால் துடைத்துவிட்டு நடந்தது.

நஞ்சப்பனோ வாசல் தாண்டுவதில்லை. பால் ஜெசிந்தா வாங்கி வந்தாள், காய் யாரோ கொண்டுவந்தார்கள், பென்ஷன் ஆபீசுக்கு உயிரோடு இருப்பதைக் காட்டப் போக வேண்டிய நாள் வந்தபோது, உடம்பு சரியில்லை என்று சொல்லி அலுவலரையே மாடிக்கு வரவழைத்தார். தான் படியிறங்குகிற நேரத்தில் சூடு ஆறிவிட்டால்? அந்தப் பயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பகலெல்லாம் பானைகளுக்கு நடுவில் ஒரு கையைத் தரையில் ஊன்றியபடி உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். அத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவள் கையைப் பகலில் இவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்தது கிடையாது.

இத்தனை பேர் வந்து போகிற தரையைத் துடைக்க வேண்டுமே! தெரியாத கையோடு துடைப்பத்தை எடுத்தார், துணியைப் பிழிந்தார், முதலில் கை வலித்தது, அப்புறம் பழகியது. வாசலில் ஆரம்பித்து முன்னால் பார்த்து சமையலறைச் சுவர் வரை துடைத்துக்கொண்டே போவார். போய்த் திரும்பினால் அவருடைய காலடியே வரிசையாக, பளிச்சென்று, அவரைப் பார்த்துக் கிடக்கும். மறுபடி வாசலில் ஆரம்பிப்பார்.

ஒருநாள் பாலோடு வந்த ஜெசிந்தா நிலைப்படியில் சாய்ந்து நின்று அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் சிரித்துவிட்டாள்.

"என்ன இளிப்பு?"

"இல்ல அண்ணே, துடைச்சதை மிதிச்சுக்கிட்டே போறீங்க. இந்தக் கணக்குக்கு அடுத்த மார்கழி வரைக்கும் துடைப்பீங்க."

"பொறவு எப்படித் தொடைக்கறது? பறந்துக்கிட்டா?"

"சுவரில ஆரம்பிச்சுப் பின்னாலயே நகர்ந்து வாங்க, வாசலுக்கு. அக்கா அப்படித்தான் வருவாங்க. கடைசியில வாசல்ல வந்து நின்னு, கதவை ஒருக்களிச்சிட்டு எங்க வீட்டுக்கு வந்திருவாங்க, காயிற வரைக்கும் ஊர்க்கதை பேச."

நஞ்சப்பனுக்கு அது தெரியாது. அவள் தினமும் ஒரு நாழிகை வீட்டில் இல்லை என்பதே அவருக்குத் தெரியாது. அன்று சுவரில் ஆரம்பித்தார். பானைகளை எடுத்து வைத்து, துடைத்து, மறுபடி வைத்து, பின்னாலேயே நகர்ந்து வாசலுக்கு வந்தார். ஒரு காலடி இல்லாமல் தரை கண்ணாடியாகக் கிடந்ததைப் பார்த்து அவருக்கே பெருமையாக இருந்தது. அதற்கப்புறம் தினமும் அப்படியே துடைத்தார்.

முதலில் கண்டுபிடித்தது மாதி. ஒரு விடியலில் பானை மூடியைத் திறந்து பார்த்தவள் இடுப்பில் கை வைத்தாள்.

"ஏனுங்க, என்ற மாவு பொங்கல."

"உளுந்தைக் கொறச்சிருப்ப."

"உளுந்துல கைவெச்சா என்ற கடை என்னாகறது? கையை வெச்சுப் பாருங்க, தலைமாடு சில்லுன்னு கெடக்குது."

கையை வைத்தார்கள். தலைமாடு குளிர்ந்திருந்தது. கால்மாட்டுக்கு அந்தப் பக்கம், நேற்றுவரை ஐஸாகக் கிடந்த பலகை வெதுவெதுப்பாக இருந்தது. அவ்வளவும் அப்படியே, அதே நீளம், அதே அகலம், ஓர் அடி வாசல் பக்கம் நகர்ந்திருந்தது. எல்லோரும் அவரவர் பானையை ஓர் அடி நகர்த்தி வைத்தார்கள். நாலு நாள் போய் மறுபடி நகர்த்தினார்கள். சூடு போகிறது, பானைகள் பின்னாலேயே போகின்றன, பானைகளுக்குப் பின்னால் குழந்தைகள் போகின்றன, ஒரு சின்ன ஊர்வலம் மாதிரி அந்த ஹாலுக்குள் அது நடந்துகொண்டே இருந்தது. சுவரிலிருந்து வாசலுக்குத் துடைக்கிற நாளில் நகர்ந்தது, துடைக்காமல் விட்ட ஓரிரு நாளில் நின்றது.

"அக்கா துடைச்சுக்கிட்டே வெளிய போறாங்க அண்ணே" என்றாள் ஜெசிந்தா, மெதுவாக.

நஞ்சப்பன் அவளைக் கீழே அனுப்பிவிட்டு, துணியை நனைத்துப் பிழிந்து, வாசலில் ஆரம்பித்து உள்ளே பார்த்துத் துடைத்தார். அப்படித் துடைத்தால் வந்த வழியே திரும்பி வருவாள் என்று நினைத்தார். அவள் வரவில்லை. துடைத்த தரையை மிதிக்கிறவள் இல்லை திலகமணி. அப்புறம் துணியை ஜன்னல் கம்பியில் போட்டார், துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் வைத்தார், இனி இந்த வீட்டில் துடைப்பதில்லை என்று முடிவு செய்தார்.

அது கஷ்டமான முடிவு இல்லை என்றுதான் முதலில் இருந்தது. மாதி அவர் பக்கம். "எதுக்குத் தொடைக்கோணும்? இருக்கட்டும்! தூசி என்ன பண்ணுது, அதுபாட்டுக்குக் கெடக்குது" என்றாள். கைக்குழந்தைக்காரிகளும் அவர் பக்கம்தான். நாள் போகப் போக வாசலுக்கும் சூட்டுக்கும் நடுவில் நாலைந்து பலகை நீளத்துக்குத் தரை மங்கிப்போனது. வருகிற கால் எல்லாம் கொண்டுவந்த மண் அங்கே தங்கியது, மிதிபட்டது, கண்ணாடித் தோலில் பூனை பிறாண்டின மாதிரிக் கீறல் விழுந்தது. கதவுக்கு அடியில் புகுந்த பனி துடைக்க ஆளில்லாமல் அங்கேயே நின்று ஓர் இடுக்கில் இறங்கியது. ஒரு பலகையின் ஓரம் லேசாக, நகம் அளவுக்கு, உப்பி எழும்பியது. நஞ்சப்பன் அதைப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டார். பார்க்காமல் இருக்க அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

சூடும் முன்னைப் போல இல்லை. ஆறவில்லை, அப்படி ஆறியிருந்தால்கூட அவருக்குப் புரிந்திருக்கும். தோள் இருந்த இடத்தில் ஒரு நாள் சுட்டது, அடுத்த நாள் அங்கே வெதுவெதுப்புக்கூட இல்லாமல் இடுப்பு சுட்டது. தயிர் ஒரு பக்கம் புளித்து ஒரு பக்கம் பாலாக நின்றது. சளிக் குழந்தையைப் படுக்க வைத்தால் அது தூங்காமல் சிணுங்கியது, தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மாசி பிறந்ததும், செத்தவளுக்குச் சாமி கும்பிட ராமாத்தாள் மலையேறி வந்தாள். வரும்போதே குழாயடியில் ஒரு வாளியை நிரப்பிக்கொண்டுதான் படியேறினாள்.

"வாளிய வெளிய வெய்யி அக்கா."

"பொழுதோட கழுவி உட்டிருந்தா இந்நேரம் அவ சிவனேன்னு போய்ச் சேந்திருப்பா. பொண்டாட்டிய வெச்சு ஊருக்கு மாவு புளிக்க வெச்சுக்கிட்டு இருக்கற. வெக்கமா இல்ல?"

"இல்ல. தண்ணி ஒரு சொட்டு உள்ள வரக் கூடாது."

"ஏண்டா, உன்ற மச்சானும் செத்தாரு, நானும் கழுவித்தான் உட்டேன். நான் என்ன அவர் மேல பிரியமில்லாமயா கழுவுனேன்?"

ராமாத்தாள் வாளியை வெளியே வைத்தாள், காலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள், மூச்சு வாங்கிக்கொண்டு பானைகளுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தாள். அவள் அந்தச் சூட்டைத் தொட்டது அதுதான் முதல் தடவை. உள்ளங்கையை வைத்தாள். சண்டை போட வந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. கையை இங்கே வைத்தாள், அங்கே வைத்தாள், மறுபடி இங்கே வைத்தாள்.

"நஞ்சா" என்றாள், குரலை இறக்கி. "புரண்டு புரண்டு படுக்கறாடா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?" அவள் வாசல் பக்கம் திரும்பி அந்த மங்கல் தரையைப் பார்த்தாள், கீறலைப் பார்த்தாள், உப்பிய ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "தீபாவளிக்கு அவ எங்க ஊட்டுக்கு வந்தப்ப நாங் கூட்டிக்கிட்டு இருந்தேன். உக்காரு அம்முணின்னு சொல்றேன், உக்காரவே மாட்டேங்கறா. நானும் நின்னுக்கறேன், நீங்க முடிங்கன்னு நிக்கறா. பாதி கூட்டிப் பாதி உட்ட ஊட்டுல அவ உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுப் பாத்திருக்கறயா நீ?"

நஞ்சப்பன் அத்தனை வருஷத்தையும் ஒரு டிரிப் போல முதல் ஸ்டாப்பிலிருந்து ஓட்டிப் பார்த்தார். அவர் பார்த்ததில்லை. அவளை உட்காரவும் விடாமல், போகவும் விடாமல், பாதி துடைத்த வீட்டின் நடுவில் இத்தனை நாளாக நிறுத்தி வைத்திருப்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"வாளியை உள்ள கொண்டா" என்றார்.

ராமாத்தாள் திகைத்தாள். "ஊத்தவா?"

"துணி நனைக்கோணும்."

காலை வெயில் ஜன்னலுக்கு வந்த நேரம் அது. காலனிக்குச் சொல்லி அனுப்பினார். வந்தார்கள், பானையை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருத்தரும் எடுக்கும்போது ஏதோ ஒன்று சொன்னார்கள். "போயிட்டு வாங்கக்கா" என்றாள் ஒருத்தி. "பையனுக்குச் சளி போயிருச்சு" என்றாள் இன்னொருத்தி. மாதி கடைசியாக வந்தாள், பானையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நின்றாள். "உம்புண்ணியத்துல இந்த வருசம் ஒருத்தனும் என்ற இட்லியக் குறை சொல்லல" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, நஞ்சப்பனைப் பார்க்காமல் போனாள்.

பூந்துடைப்பத்தால் மண்ணை எடுத்தார், ஒரு துகள் விடாமல், இடுக்கிலும் சுவர் ஓரத்து இடைவெளியிலும் குனிந்து ஊதி எடுத்தார். துணியை நனைத்தார், பிழிந்தார், மறுபடி பிழிந்தார், உதறினார், சொட்டு விழவில்லை. சமையலறைச் சுவரில் ஆரம்பித்து, முட்டி போட்டு, பலகை ஓடுகிற வாக்கில் துடைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். சூடு கிடந்த இடம் வந்தது, அதையும் துடைத்தார், நெற்றியைத் துடைப்பது போல மெதுவாகத் துடைத்தார். அதைத் தாண்டி மங்கலான பலகைக்கு வந்ததும் ஒன்று கவனித்தார்: அவர் பின்னால் நகர நகர, அது முன்னால் வந்தது. துடைத்த பலகை அவர் கை விலகியதும் வெதுவெதுத்தது. அவர் வாசலுக்கு முதுகு காட்டிப் போகிறார், அவள் வாசலைப் பார்த்து வருகிறாள். நடுவில் ஒரு துணி அகலம்தான். இத்தனை நாளில் அவ்வளவு கிட்டத்தில், முகத்துக்கு முகம் பார்த்த மாதிரி, அவர்கள் இருந்ததில்லை. அவர் அவசரப்படவில்லை. அதுவும் அவசரப்படவில்லை. கீறல் விழுந்த பலகையின் மேல் அது கொஞ்சம் நின்றது, உப்பிய ஓரத்தில் இன்னும் கொஞ்சம் நின்றது, அங்கே அவர் "என்ற தப்புதான்" என்றார், சத்தம் வராமல். அது மறுபடி நகர்ந்து வந்தது.

கடைசிப் பலகைக்கு அவருடைய முட்டி இரண்டும் நிலைப்படிக்கு வெளியே, வராந்தாவின் சிமெண்டுக்குப் போய்விட்டன. அங்கிருந்து குனிந்து துடைத்தார். பலகை சுட்டது, கதவோரத்து உலோகப் பட்டி சுட்டது, துணி சுட்டது. ஒரு மூச்சு நேரம் அவர் முட்டிக்கு அடியில் இருந்த சிமெண்ட், நாற்பது மார்கழியாக அவளைக் கடித்த அதே சிமெண்ட், கை பட்ட குழந்தை மாதிரி இளகி வெதுவெதுத்தது. அப்புறம் அது வெறும் சிமெண்ட்.

ராமாத்தாள் சுவரோரமாகச் சாய்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

நஞ்சப்பன் நிலையைப் பிடித்து எழுந்தார். உள்ளே சுவரிலிருந்து வாசல் வரை, ஒரு காலடி இல்லாமல், ஒரு பானை இல்லாமல், ஈரம் மினுங்கத் தரை கிடந்தது. பழக்கத்தில் உள்ளே போகக் காலைத் தூக்கினார்.

"அண்ணே! அண்ணே, உள்ள போயிராதீங்க!" கீழேயிருந்து ஜெசிந்தா கத்தினாள். "காயட்டும்!"

தூக்கிய கால் அப்படியே நின்றது. அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது, தான் வெளியே நிற்கிறோம் என்று. பனி விலகியிருந்தது. எதிர்ச் சரிவில் தேயிலை பறிக்கிறவர்களின் கூடைகள் தெரிந்தன.

"எவ்வளவு நேரமாகும்?"

"ஒரு நாழி ஆகும். டீ போட்டிருக்கேன், வாங்க. பெரியக்கா, நீங்களும் வாங்க."

"என்ற மாவுக்கு இனி என்ன வழின்னு அதையும் பேசிருங்க!" என்று கீழிருந்து மாதியின் குரல் வந்தது. பானையோடு அவள் இன்னும் போகவில்லை.

"போர்வையச் சுத்தி அடுப்பு மேட்டுல வெய்யி" என்றார் நஞ்சப்பன் மேலே நின்றபடி. "இட்லி எப்படியிருந்தாலும் தின்னுக்கறோம்."

கதவை ஒருக்களித்துச் சாத்தினார். முதல் படியில் கால் வைத்தார். சிமெண்ட் சுருக்கென்று கடித்தது. நின்று, வராந்தா மூலையில் தூசி படிந்து கிடந்த செருப்பைத் தேடி எடுத்து, தட்டி, போட்டுக்கொண்டு இறங்கினார்.